இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது?

'சாந்தாராம்' நாவலைப் பரிந்துரைக்கிற எல்லோரும் ஒரே வரியைத்தான் சொல்கிறார்கள்: "எடுத்தால் கீழே வைக்க மாட்டீர்கள்." உண்மைதான். 900 பக்கத்துக்கு மேல் இருப்பதை எங்கே வைப்பது? அலமாரியில் இடமில்லை.

ஆஸ்திரேலியச் சிறையிலிருந்து தப்பியவன் எண்பதுகளின் பம்பாயில் வந்து இறங்குகிறான். அவனுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி பிரபாகர் வாயைத் திறக்கிற இடமெல்லாம் அருமை. ரயிலில் இடம் பிடிக்கிற கூத்துக்காகவே படிக்கலாம். சரி, இப்படியே போகும் என்று நம்பினால் கார்லா வந்துவிடுகிறாள். பச்சைக் கண். அந்தக் கண்ணுக்குத்தான் எத்தனை வர்ணனை! அவள் பேசினால் பொன்மொழி. தாதா காதர்பாய் அதற்கும் மேல். கள்ளச்சந்தைக்கு நடுவே பிரபஞ்சம் எங்கே போகிறது என்று பாடம் எடுக்கிறார். இவர்கள் கூடுகிற பம்பாயின் கொலாபா பகுதியில் ஒருத்தர்கூடச் சும்மா டீ குடிக்க மாட்டார்களா?

நம்ம கதாநாயகனோ சேரிக்கு வைத்தியர், தாதாவுக்குச் செல்லப்பிள்ளை, இந்திப் படத்துக்கு வெள்ளைக்காரத் துணை நடிகர்களைப் பிடித்துத் தருகிறவன். போதாதென்று ஆப்கானிஸ்தான் போர் வேறு. அவ்வளவு பெரிய ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா? இவன் மராத்தி பேசினால் ஊரே நெகிழ்கிறது. மூன்று பாஷை பேசுகிற டாக்ஸிக்காரரைப் பார்த்து என்றைக்காவது யாராவது நெகிழ்ந்திருக்கிறார்களா?

சிறையில் இருந்தபோது எழுதிய கையெழுத்துப் பிரதியைக் காவலர்கள் இரண்டு முறை அழித்தார்கள் என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார். பாவம்தான். ஆனால் மூன்றாவது முறை எழுதும்போதாவது கொஞ்சம் சுருங்கியிருக்கக் கூடாதா?

அப்புறம், 2015இல் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. அதுவும் 800 பக்கத்துக்கு மேல். அதையும் எனக்குப் பரிந்துரைக்கிறார்கள்.