கையால பேசுனா வாய் மறந்துடாதுங்க

அந்த கிளாஸ் வாட்ஸப் குரூப் ஸ்கிரீன்ஷாட்டை இந்நேரம் எல்லாரும் பாத்திருப்பீங்க. காது கேக்காத பையன் பக்கத்துல உக்காந்து எம்பொண்ணும் கையை ஆட்டியே பேசுறா, பேச்சு நின்னுடும் போல, இடத்தை மாத்துங்கன்னு ஒரு அம்மா கேக்குறாங்க, டீச்சரும் உடனே மாத்திட்டாங்க. ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்க. எனக்கு மனசே ஆறல.

பேச்சு நிக்காதுங்க. நான் வளந்தது மதுரையில, மஹால் பக்கத்துச் சந்து. எதிர்வீடு சௌராஷ்ட்ரா வீடு, அந்த வீட்டுப் பையனுக்குப் பொறந்ததுலேர்ந்து காது கேக்காது. அவங்க வீட்டுப் பேச்சு எனக்குப் புரியாது, அவனுக்கு அதுவும் கேக்காது, தமிழும் கேக்காது. ஆனா ஸ்கூல் விட்டு வந்தா இருட்டுற வரைக்கும் நாங்க பேசுவோம். விரலால முடிச்சுப் போட்டுக் காட்டுனா சுங்குடி கட்டுற அவங்க அம்மா, நெத்தியில மூணு விரலை இழுத்தா எங்க தாத்தா. பம்பரத்துல எவன் அழுகுணி ஆட்டம் ஆடுனான், யார் வீட்ல சண்டை, எல்லாக் கதையும் ஓடும். எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, நாங்களா உண்டாக்கிக்கிட்டது.

எங்க தெருவுல புள்ளைங்க வீட்ல சௌராஷ்ட்ரா, வாசல்ல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ்னு பேசுனப்ப ஒரு மொழி இன்னொண்ண விழுங்கிடும்னு யாரும் பயப்படல. கைன்னா மட்டும் ஏன் பயம்?

"நீ என்ன டாக்டரா"ம்பீங்க. இல்ல, ஆனா அவன்கூட வளந்தவன். "அந்தக் கிளாஸ் பையனுக்குக் காக்ளியர் கருவியை ஆபரேஷன் பண்ணி காதுக்குள்ள வெச்சா கேக்கப் போகுது"ம்பீங்க. வைக்கட்டும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயே சின்னப் புள்ளைங்களுக்கு வைக்கிறாங்க, சந்தோஷம். ஆனா வெளியில மாட்டுற பாகத்தைக் குளிக்கையில கழட்டணும், தூங்கையில கழட்டணும், அப்பவும் அவன் காது கேக்காத புள்ளதான். "பெத்த மனசு பயப்படாதா"ன்னும் கேட்டீங்க. பயப்படும். அந்தப் பையனைப் பெத்தவளும் அதே குரூப்லதான இருக்கா? அதைப் படிச்சுட்டு அவ அன்னிக்கு ராத்திரி எப்படிச் சோறு ஊட்டியிருப்பா?

இந்தப் பயம் ரொம்பப் பழசு. 1880ல இத்தாலியில மிலான்ல, காது கேக்காதவங்க படிப்பைப் பத்திக் கூடுன சர்வதேச மாநாட்டுல, காது கேக்காத புள்ளைங்களுக்குச் சைகை வேணாம், வாயாலதான் சொல்லிக் குடுக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. 2010ல கனடாவுல வான்கூவர்ல அதே மாநாடு கூடுனப்பதான் அதுக்கு வருத்தம் தெரிவிச்சாங்க. 130 வருஷம்! எங்க எதிர்வீட்டுப் பையனையும் அப்படித்தான் ஒரு ஸ்கூல்ல கையைக் கட்டி உக்கார வெச்சு உதட்டைப் பாருன்னாங்க, கை அசைஞ்சா ஸ்கேலால அடி. எங்ககூட விடாமப் பேசுற பய, வீங்குன விரலோட வந்து திண்ணையில உக்காந்திருப்பான், கையைத் தூக்கவே மாட்டான். அந்த வருத்தம் வந்தப்ப அவன் படிப்பை விட்டே பல வருஷம் ஆச்சு. அவனுக்கு யார் பதில் சொல்றது?

சைகை மொழி தெரிஞ்ச டீச்சர்களை வேலைக்கு வைக்கணும்னு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்லுது, 2021ல தேசிய திறந்தநிலைப் பள்ளியில அது ஒரு மொழிப்பாடமாவே வந்துடுச்சு. ரெண்டு மொழியா மூணு மொழியான்னு இவ்ளோ சண்டை போடுறோமே, காசு குடுக்காம டியூஷன் போகாம ஒரு ஏழு வயசுப் பொண்ணு ஒரு மொழியைக் கத்துக்க ஆரம்பிச்சிருக்கா, அதை நிறுத்திட்டீங்க. டீச்சர், அவளைத் தடுக்காதீங்க. முடிஞ்சா நீங்களும் அவகிட்ட கத்துக்கங்க.