கோட்டைச் சுவரில் கோயில் கல்

திருகோணமலைத் துறைமுகம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு நன்றி. ஆனால் அது 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சோடு நின்றுவிட்டது; அதற்கு முந்தைய காலத்துக்குப் போகவில்லை. எங்கள் ஊரின் கதை அதற்கு எவ்வளவோ முந்தியது. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் சேர்த்துத்தான் கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் பதித்த கல்லொன்றில் தமிழ் எழுத்தும் கயல் உருவமும் இன்றும் உண்டு. சின்ன வயதில் அப்பா என் விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் வைத்துக் காட்டினார். புள்ளிமான்கள் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

அப்புறம், துறைமுகம் ஏன் இவ்வளவு ஆழம்? துறைமுகத்தை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்கு அடியில் பெரிய கடற்பள்ளத்தாக்கு ஒன்று ஓடுகிறது. மகாவலி கங்கை கலப்பதும் அந்தக் குடாவில்தான். இதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.