அந்தக் கண்ணாடிக்கு ஒரு திரை போடுங்கள்

விலங்குக் காட்சிசாலை ஒன்றில் புதிய புலி வளாகம் திறந்த முதல் வாரமே போயிருந்தேன். மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. உள்ளே ஒரு பெண்புலி. சினையாக இருக்கிறது, சீக்கிரம் குட்டி போடும் என்று வாசலிலேயே பெரிய பலகை. கண்ணாடியைத் தட்டாத கையே இல்லை. அந்தப் புலி பின்சுவரை ஒட்டி ஒரே கோட்டில் போவதும் திரும்புவதுமாக இருந்தது. ஒதுங்கிப் படுக்க ஒரு புதர்கூட இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மனித முகம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நடை கண்ணை விட்டுப் போகவில்லை.

புலியின் சினைக்காலம் ஏறக்குறைய 100 நாள்தான். காட்டில் என்றால் நாள் நெருங்கியதும் அடர்ந்த புதரையோ பாறை இடுக்கையோ தேடிப் போய்விடும். குட்டிகள் கண் திறக்காமல் பிறக்கும். இடம் சரியில்லை என்று தாய்க்குப் பட்டால் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். அடைப்புக்குள் இருப்பது எங்கே கொண்டுபோகும்? பதற்றம் மிஞ்சினால் தாய் குட்டியைக் கைவிடுவதும் உண்டு, கொன்றுவிடுவதும் உண்டு.

அதனால் புதிய வளாகம் என்றால் எத்தனை ஏக்கர் என்று நான் கேட்பதில்லை. யார் கண்ணிலும் படாமல் அது படுக்க இடம் இருக்கிறதா? குட்டி போட இருட்டான சின்ன அறை, உள்ளே ஒரு கேமரா, பராமரிப்பாளரே திரையில்தான் பார்க்கவேண்டும் என்ற கட்டுப்பாடு, இதெல்லாம் இருக்கிறதா? 1907-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே கார்ல் ஹாகன்பெக் என்பவர் தன் காட்சிசாலையில் கூண்டுக் கம்பிகளை எடுத்துவிட்டு அகழி வெட்டியபோது உலகமே வியந்தது. பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் பார்க்கிறவர் கண்ணை நினைத்துக் கட்டியது. விலங்கின் கண்ணிலிருந்து யோசிக்க நமக்கு அதற்குப் பிறகும் வெகுகாலம் பிடித்தது.

முன்கூட்டியே அறிவிப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. பாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். கரு உடனே கருப்பையில் ஒட்டாமல் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். சினையே இல்லாத பாண்டாவிடமும் அதே அறிகுறிகள் எல்லாம் தெரியும். பிறந்தாலும் குட்டி 100 கிராம் அளவுதான். இதற்கு நாள் குறித்துக் கூட்டம் சேர்த்தால் என்ன பயன்?

யானை வளர்க்கும் இடங்களில் நடப்பது வேறு விதம், எனக்கு மிகவும் பிடித்தது. சினைக்காலம் 22 மாதம் வரை நீளும். கடைசி வாரங்களில் தினமும் ரத்தம் எடுப்பார்கள். முறையாகப் பழக்கிய யானை, தானே காதை நீட்டிக் காட்டும். சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் அளவு ரத்தத்தில் சட்டென்று விழுந்தால், சில நாளில் கன்று. இப்படிப் பொறுமையாக ஒரு தாயோடு கூட இருப்பவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. பிறக்கப்போகும் குட்டி இரண்டு வருடம் கழித்து எங்கே இருக்கும்? 2014 பிப்ரவரியில் கோபன்ஹேகன் காட்சிசாலை மாரியஸ் என்ற ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றது. இளம் வயது, நோய் எதுவும் இல்லை. அதே மரபணு கொண்டவை ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன என்பதுதான் காரணம். கணக்கு சரியாகவே இருக்கட்டும், பிறப்பதற்கு முன்பே அல்லவா அதைப் போட்டிருக்கவேண்டும்?

பிறப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. அரேபிய ஓரிக்ஸ் மான் 1972-இல் காட்டிலிருந்து அடியோடு அழிந்தது. அதற்கு முன்பே, 1963-இல் ஃபீனிக்ஸ் காட்சிசாலையில் ஒரு சிறு மந்தையைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அங்கே பிறந்து பெருகியவற்றின் வழியாகத்தான் 1982-இல் ஓமன் பாலைவனத்துக்கு அந்த மான் திரும்பியது. அடைப்புக்குள் பிறந்த ஒவ்வொரு கன்றுக்கும் அங்கே ஒரு காரணம் இருந்தது.

அந்தப் புலியின் குட்டிகளைப் பார்க்க எனக்கும் கொள்ளை ஆசை. தாய் தானாக அவற்றை வெளியே கூட்டிவரும்போது சொல்லி அனுப்புங்கள், எத்தனை மாதம் ஆனாலும் வருகிறேன். அதுவரை அந்தக் கண்ணாடியில் பாதிக்காவது ஒரு திரை போட்டுவிடுங்கள். வாசல் பலகையையும் எடுத்துவிடுங்கள்.