கத்தும் ஊஞ்சலுக்கு எண்ணெய் மருந்தன்று

மட்டக்களப்பின் கல்லடியில் கடலுக்கு அண்மையில் குடியிருக்கும் எவருக்கும், முற்றத்து இரும்பு ஊஞ்சல் எழுப்பும் அந்தக் கிறீச்சொலியை விளக்க வேண்டியதில்லை. எனக்குச் சினமூட்டுவது ஒலி மட்டுமன்று. முறையிட்டவுடன் விற்றவரும், வெல்டிங் செய்தவரும், அயலவரும் ஒரே குரலில் "கொஞ்சம் எண்ணெய விடுங்க, சரியாகிரும்" என்று சொல்லி விடயத்தை முடித்துவிடுவதுதான்.

சரியாகாது. கொக்கியும் வளையமும் உராயும் இடத்தில் கறள் ஏறி, இரும்பை இரும்பே தின்னத் தொடங்கியதன் அறிகுறிதான் அந்தச் சத்தம். அதன்மேல் விடும் தேங்காயெண்ணெய் சில நாட்களுக்கு அதை அடக்கும். பிறகு கச்சான் காற்று அள்ளிவரும் தூசியையும் மணலையும் பிடித்துவைத்துக்கொண்டு, பிசுபிசுப்பாகி, தேய்மானத்தைக் கூட்டிவிடும். விசிறும் குப்பிகளில் வரும் மெல்லிய எண்ணெய் இறுகிய நட்டைக் கழற்ற உதவுமே தவிர, பாரம் தாங்கி ஆடும் மூட்டில் நெடுநாள் நிற்பதில்லை. மார்கழி மழைக்கு அது எம்மாத்திரம்! அங்கே வேண்டியது தடித்த கிறீஸ். அதையும் மூட்டைக் கழற்றி, கறளை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, தேய்ந்த கொக்கியை மாற்றி, இரண்டு இரும்புகளுக்கும் நடுவே ஒரு நைலோன் வொஷரை இட்ட பின்னரே பூச வேண்டும்.

ஆனால் கழற்ற விட்டால்தானே! போல்ட்டின் தலையையும் நட்டையும் சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் பிடித்து, அதன்மேல் பளபளக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்துத் தந்துவிடுகிறார்கள். அந்தப் பெயின்டுக்கு அடியில், கறளைத் தடுக்கும் அன்டிகொரோசிவ் பூச்சு ஒரு கை கூட இல்லை. காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்திருப்பதால், கடலோரத்தில் இரும்பு எவ்வளவு விரைவாகக் கெடும் என்பது இங்கே தொழில் செய்பவர்களுக்குத் தெரியாத செய்தியா? தெரிந்துகொண்டே, ஒரு சிறு கொக்கி தேய்ந்ததற்காகச் சட்டத்தையே கிரைண்டரால் அறுக்க வேண்டிய நிலைக்கு வாங்கியவரைத் தள்ளுவது அநியாயம்.

கறள் பிடிக்காத கொக்கி கேட்டால், கடையில் "எல்லாம் ஸ்டெயின்லஸ்தான்" என்கிறார்கள். ஸ்டெயின்லஸிலும் வகைகள் உண்டு; கடற்காற்றுக்கு 304 வகையை விட, மொலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 வகையே நன்றாகத் தாக்குப்பிடிக்கும். எந்த வகை என்று கேட்டால் விடை வருவதில்லை. எண்ணெய்க் குப்பிதான் மேசைக்கு வருகிறது.

ஊஞ்சல் செய்து விற்பவர்களிடம் நான் கேட்பது பெரிய தொழில்நுட்பம் எதுவுமன்று. போல்ட்டைக் கழற்றக்கூடியதாக விடுங்கள். மூட்டில் வொஷர் போடுங்கள். பெயின்டுக்கு முன் அன்டிகொரோசிவ் அடியுங்கள். அதற்காகும் செலவை விலையில் சேர்த்துக் கேளுங்கள், தருகிறோம்.