பச்சை முத்திரை அவர்களுக்கு, பில் திருப்பூருக்கு

நம் குரூப்பில் சுற்றும், பனியன் ஆர்டர் கொடுக்கும் ஒரு பையரின் (வாங்கும் கம்பெனியின்) மெயிலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதல் பத்தியில் சுற்றுச்சூழல் மீது அக்கறை. கடைசிப் பத்தியில், திருப்பூரில் துணிக்குச் சாயம் ஏற்றும் எங்களை விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். பசுமை வேண்டுமென்றால் அதற்கான காசு விலையில் இருக்க வேண்டும். இது பேராசையா?

கணக்கைப் பாருங்கள். காட்டன் துணியில் அடர் நேவி, கறுப்பு ஏற்ற லிட்டருக்கு 70 கிராம் உப்பு. ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் ஓடினாலே 420 கிராம் உப்பு. துணியில் பிடிக்காத சாயமும் இந்த உப்பும் கழிவுநீரில்தான் வரும். நுண்ணுயிர்களை வைத்துச் சுத்தம் செய்யும் பயாலஜிக்கல், சவ்வில் வடிகட்டும் ஆர்.ஓ. இரண்டையும் தாண்டி மிஞ்சும் உப்பு நீரை (ரிஜெக்ட்) ஆவியாக்கும் எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும். அதற்கு நீராவி, நீராவிக்கு பாய்லரில் விறகோ நிலக்கரியோ. கடைசியில் யாரும் வாங்காத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கும். தண்ணீரைக் காப்பாற்ற எரித்த அந்த விறகுக்கும் நிலக்கரிக்கும் "உங்கள் கார்பன் ஏன் அதிகம்?" என்று அதே பையர் அடுத்த படிவத்தில் கேட்பார்.

"திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது நீங்கள்தானே?" என்பீர்கள். ஆமாம், மறுக்கவில்லை. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிக்கு நடந்தது அநியாயம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதும் சரிதான். ஆனால் அந்தக் கழிவை ஆற்றில் விட்டுச் சாயம் ஏற்றிய பனியனை விலை பேசி வாங்கியவர்கள் யார்? அவர்களில் யாரை மூடினார்கள்?

"பையர்கள் ஆடிட் வைத்து வழி காட்டுகிறார்களே" என்றும் சிலர். ஆடிட் செலவு பெரும்பாலும் சப்ளையர் தலையில். ஒரு பையருக்கு ஒரு படிவம், இன்னொருவருக்கு வேறொன்று. கேட்பது அதே தண்ணீர் மீட்டர் ரீடிங்.

பையர்களே, நிஜமாகவே அக்கறை இருந்தால் லேப் டிப்பை (சிறு துணியில் ஏற்றிய நிற மாதிரியை) நேரத்துக்கு அப்ரூவ் செய்யுங்கள். முழு ஆர்டர் துணிக்கும் சாயம் ஓடிய பிறகு "ஷேடு கொஞ்சம் சிவப்பு" என்று திருப்பினால், சாயத்தை உரித்து மறுபடி ஏற்ற வேண்டும். அதே துணிக்கு மறுபடியும் தண்ணீர், உப்பு, நீராவி. கண்ணுக்குத் தெரியாத நிற வித்தியாசத்துக்காக மொத்தத் துணியையும் தள்ளாதீர்கள். உப்புக் குறைவாகக் கேட்கும் சாயத்துக்கு விலை கூட; அதை ஒத்துக்கொள்ளுங்கள். விலை போடும் காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், டையிங், தையல் என்று வரி இருக்கிறதே, சுத்திகரிப்புக்கும் ஒரு வரி போடுங்கள். அதில் பேரம் பேசாதீர்கள். சீசனுக்கு சீசன் ஆள் மாற்றாமல் ஆர்டரைத் தொடர்ந்து கொடுங்கள். அதை நம்பித்தான் புது மெஷினுக்கு பேங்கில் கடன் கேட்க முடியும்.

"இஷ்டமில்லாவிட்டால் ஆர்டரை விடுங்கள்" என்று நேற்று குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார். விட்டால் அந்த ஆர்டர் சுத்திகரிப்பே இல்லாத வேறொரு ஊருக்குப் போகும். அங்கேயும் ஓர் ஆறு இருக்கும்.