விலையைக் கேட்டு எழுதுங்கள், வகுத்து எடுக்காதீர்கள்

இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். மாதம் பிறந்ததும் அரசுப் புள்ளியியல் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வரும். மாதக் கணக்கை முடிக்கிற அவசரத்தில் அதைத் தொடவே மனம் வராது. கேட்பதோ சின்ன விஷயம். 6204 என்ற எண்ணுள்ள பால் பேரிங் (தண்டு உராயாமல் சுழல உதவும், குண்டுகள் பதித்த வளையம்), உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47 மி.மீ., இருபுறமும் உலோக மூடி. இன்ன விற்பனையாளர், இன்ன நாணயம், போன மாதம் இன்ன விலை. இந்த மாதம் என்ன விலை? பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கும்: மாற்றமில்லை. இன்வாய்ஸைத் திறந்துகூடப் பார்க்காமல் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துப் பல மாதம் அனுப்பியிருக்கிறேன். செய்தது தவறு என்று பிறகுதான் உறைத்தது.

நாட்டுக்குள் வரும் சரக்குக்கெல்லாம் மதிப்பும் அளவும் சுங்கத் துறையிடம் சொல்லியாக வேண்டும். அரசிடம்தான் எல்லாம் இருக்கிறதே, மதிப்பை அளவால் வகுத்தால் விலை வந்துவிடுமே, எங்களை ஏன் கேட்கிறார்கள் என்று அப்போது எரிச்சல் வரும். இறக்குமதிச் சரக்கின் விலை மாதாமாதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் விலைக் குறியீட்டுக்காகத்தான் அந்தப் படிவம். பல நாடுகள் இன்றும் அப்படி வகுத்துத்தான் அந்தக் குறியீட்டைப் போடுகின்றன. அலகு மதிப்புக் குறியீடு என்பது அதன் பெயர். செலவு குறைவு, யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். ஆனால் அதில் வருவது விலையே இல்லை.

உலகம் முழுக்கச் சரக்குகளை வகைப்படுத்துவது உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். (Harmonized System) வகைப்பாட்டு எண்ணை வைத்து. 1988-இல் நடைமுறைக்கு வந்தது, ஆறு இலக்கம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள். கேட்கும்போது நுணுக்கமாகத்தான் தெரியும். ஆனால் 848210 என்ற ஒரே எண்ணுக்குள் எல்லா பால் பேரிங்கும் அடங்கிவிடும். விரல் நுனியில் நிற்கிற பேரிங்கும் அதில்தான், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பேரிங்கும் அதில்தான். நாடுகள் தங்கள் பங்குக்கு இன்னும் சில இலக்கம் சேர்த்துப் பிரிக்கின்றன. அப்போதும் கலப்பு போவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போன மாதம் ஒரு டாலர் பேரிங் 900, பத்து டாலர் பேரிங் 100 வந்தன. மொத்தம் 1,900 டாலர், சராசரி 1.90. இந்த மாதம் இரண்டிலும் ஐந்நூறு ஐந்நூறு. மொத்தம் 5,500 டாலர், சராசரி 5.50. எந்தப் பேரிங்கும் ஒரு காசு ஏறவில்லை. அட்டவணையில் மட்டும் விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வாங்கும் கலவை மாறினால் விலை மாறிவிட்டதாகச் சொல்கிற எண்ணை வைத்துக்கொண்டு விலைவாசியைக் கணித்து, வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கச்சா எண்ணெய், கோதுமை மாதிரி ஒரே சீரான சரக்குக்கு வகுத்தல் ஓரளவு பொருந்தும். இயந்திரம், மின்னணுப் பொருள், துணி இதற்கெல்லாம் பொருந்தவே பொருந்தாது.

இது தெரியாத விஷயமும் இல்லை. அமெரிக்காவில் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் தலைமையிலான குழு 1961-லேயே விலைப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, அலகு மதிப்பின் குறையையும் சுட்டிக்காட்டியது. 1970-களில் அங்கே தொழிலாளர் புள்ளியியல் பணியகம் நிறுவனங்களிடம் நேரடியாக விலை கேட்டு, அதே பொருளை மாதாமாதம் பின்தொடர்ந்து குறியீடு வெளியிடத் தொடங்கியது. பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) 2009-இல் வெளியிட்ட கையேடும் இந்த வழியைத்தான் பரிந்துரைக்கிறது. தடையாக இருப்பது செலவும் ஆள்பலமும்தான். அந்தச் செலவை அரசுகள் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், வெளியாகும் எண்ணை வாசிக்கிற நம் பக்கத்திலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. அமெரிக்க இறக்குமதி விலைக் குறியீட்டில் சுங்க வரி சேராது. வெளிநாட்டு விற்பனையாளர் கேட்கும் விலை மட்டும்தான் அதில் இருக்கும். 2018-இல் அங்கே வரி உயர்த்தப்பட்டபோது, 'வரியை வெளிநாட்டுக்காரர்கள்தான் கட்டுகிறார்கள்' என்ற பேச்சு எழுந்தது. அது உண்மையானால் வரிக்கு முந்தைய விலை இறங்கியிருக்க வேண்டும். பொருளியலாளர்கள் மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெடிங், டேவிட் வைன்ஸ்டீன் மூவரும் சுங்கத் தரவை வைத்து ஆராய்ந்தார்கள். கீதா கோபிநாத்தும் இன்னும் மூவரும் சேர்ந்த குழு, எங்களைப் போன்றவர்கள் நிரப்பிய படிவங்களின் மூல விலைகளையே எடுத்து ஆராய்ந்தது. வரிக்கு முந்தைய விலை பெரிதாக இறங்கவில்லை, சுமை கிட்டத்தட்ட முழுவதும் இறக்குமதியாளர் தலையில்தான் விழுந்தது என்று இரண்டு ஆய்வுகளும் கண்டன. இவ்வளவு பெரிய அரசியல் வாதத்துக்கு ஆதாரம் யாரோ ஒரு கணக்கர் நிரப்பிய கட்டத்தில் கிடந்திருக்கிறது.

நாணயமும் இப்படித்தான். ஜப்பான் மத்திய வங்கி இறக்குமதி விலையை யென் கணக்கில் ஒன்று, ஒப்பந்த நாணயக் கணக்கில் (விற்பவரோடு விலை பேசிய நாணயத்தில்) ஒன்று என்று இரண்டாகவே வெளியிடுகிறது. 2022 தொடக்கத்தில் டாலருக்கு சுமார் 115 யென், அக்டோபரில் 150-ஐத் தாண்டியது. அந்த ஆண்டு விலை ஏறியதில் விற்பவர் ஏற்றியது எவ்வளவு, யென் சரிந்ததால் ஏறியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இரண்டு வரிசையும் இருந்தன. இதை எல்லா நாடுகளும் செய்யலாம். படிவத்தில் நாணயம் எழுதத்தான் செய்கிறோம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. ஒரு தொழிற்சாலை உள்நாட்டில் பத்து டாலருக்கு வாங்கிய உதிரி பாகத்தை நிறுத்திவிட்டு, வெளிநாட்டிலிருந்து ஆறு டாலருக்கு வாங்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலைக்கு நாலு டாலர் மிச்சம். இந்த இறக்கம் எந்தக் குறியீட்டில் பதிவாகும்? உள்நாட்டு உற்பத்தியாளர்கள் விற்கும் விலையைக் காட்டும் உற்பத்தியாளர் விலைக் குறியீட்டில் உள்நாட்டுப் பாகம் அதே பத்து டாலர். இறக்குமதிக் குறியீட்டில் வெளிநாட்டுப் பாகம் முதல் மாதமே ஆறு, அடுத்த மாதமும் ஆறு. பத்திலிருந்து ஆறுக்கு இறங்கியது இரண்டுக்கும் நடுவே விழுந்து காணாமல் போகிறது. பண மதிப்பில் உள்ளீட்டுச் செலவு குறைந்திருக்கிறது, விலை இறங்கியதாகப் பதிவு இல்லை. ஆகவே தொழிற்சாலை குறைந்த பாகங்களை வைத்தே அதே அளவு உற்பத்தி செய்துவிட்டது போலக் கணக்கு காட்டும். பொருளியலாளர் சூசன் ஹவுஸ்மன் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1997 முதல் 2007 வரை அமெரிக்கத் தொழிற்துறையின் உண்மையான கூட்டு மதிப்பு (உற்பத்தியில் வாங்கிய உள்ளீடுகளைக் கழித்த மிச்சம், விலை மாற்றத்தை நீக்கியது) வளர்ச்சி இதனால் ஆண்டுக்கு 0.2 முதல் 0.5 சதவீதப் புள்ளி வரை மிகையாகக் காட்டப்பட்டது. வேலைகள் வெளியே போய்க்கொண்டிருந்த காலம் அது. அதே காலத்தில் தொழிற்துறை இருந்ததைவிட வேகமாக வளர்கிறது என்று அரசுக் கணக்கு சொல்லியிருக்கிறது. வேலை இழந்தவர்களிடம் 'உற்பத்தித் திறன் கூடிவிட்டது, அதனால்தான் ஆள் தேவையில்லை' என்று சொன்ன விளக்கத்தில் ஒரு பங்கு, விலையைச் சரியாகப் பிடிக்காததால் வந்தது. இதைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

நிறுவனங்கள் ஏன் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பயம். எழுதிக் கொடுத்தால் சுங்கத் துறைக்குப் போய்விடுமோ, வரி அலுவலகம் கேள்வி கேட்குமோ, போட்டியாளர் கைக்குக் கிடைக்குமோ என்ற பயம். ஒரே குழும நிறுவனங்களுக்குள் கைமாறும் சரக்கில் இது இன்னும் அதிகம், அங்கே எழுதும் விலை வரியை மனத்தில் வைத்து எழுதிய விலையாகவும் இருக்கலாம். அமெரிக்க இறக்குமதியில் ஏறத்தாழ பாதி இந்த வகைதான். சுங்கத் துறைக்கு விலை வேண்டும் வரி போட, புள்ளியியல் துறைக்கு வேண்டும் போக்கைக் காண. இரண்டுக்கும் நடுவே சட்டத்தால் கட்டிய சுவர் நிற்க வேண்டும். ஒருமுறை அதில் ஓட்டை விழுந்தால் அடுத்த மாதம் எல்லாரும் 'மாற்றமில்லை' கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள்.

நான் அந்தப் பழக்கத்தை விட்டது ஒரு தொலைபேசி அழைப்பால். ஒரு மாதம் என்னவோ தோன்றி இன்வாய்ஸைப் பார்த்து எழுதினேன், விலை கூடியிருந்தது. இரண்டு நாளில் புள்ளியியல் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். "சார், பேரிங் அதேதானா?" என்று கேட்டார். அதேதான் என்றேன். "மூடி உலோகம்தானா, ரப்பர் சீலுக்கு மாறிவிட்டதா, கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?" கோப்பை எடுத்துப் பார்த்தேன். ரப்பராக மாறியிருந்தது. சீலுக்கு மட்டும் எவ்வளவு கூடுதல் என்று விற்பனையாளரிடம் கேட்டு வாங்கித் தரச் சொன்னார். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் விலை ஏற்றமாக எடுப்பார்களாம்.

கோப்பு கையில் இருந்ததால் முந்தைய மாதங்களையும் புரட்டினேன். அதே உலோக மூடி பேரிங்குக்கே நாலு மாதத்தில் இரண்டு முறை விலை மாறியிருந்தது. நாலு மாதமும் நான் மாற்றமில்லை என்று எழுதியிருந்தேன். அன்று மாலையே நாலு இன்வாய்ஸையும் நகல் எடுத்து, திருத்திய விலைகளோடு அவருக்கு அனுப்பினேன்.