வலை கட்டியும் வாய்க்கு எட்டவில்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக் காட்டை ஒட்டிக் காய்கறி போடுகிறவர்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும். கடையில் கேட்டால் "எல்லாத்துக்கும் ஆகும்" என்று ஒரே பச்சை வலையைத் தலையில் கட்டுகிறார்கள். எங்கே ஆகிறது? பறவையைத் தடுக்கிற வலைக் கண்ணில் வெள்ளை ஈ கூட்டமாக நுழைகிறது. அதற்கு அங்குலத்துக்கு 50 கண் உள்ள வலை வேண்டும். சரி, அதைக் கட்டினால் காற்றோட்டம் குறைந்து, நம் ஊர் வெயிலுக்குக் கீரை உள்ளேயே வெந்துவிடும்.

பாகற்காய் இன்னும் மோசம். பழ ஈ காயைக் குத்தித் தோலுக்கடியில் முட்டை வைக்கும், அறுத்தால் புழு. கொடியையே வலையால் மூடினால் ஈ வராது, தேனீயும் வராது! அப்புறம் வேலைக்குப் போகிற நேரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிக்கொண்டு நிற்க வேண்டும். பிஞ்சிலேயே காய்க்குக் காய் பழைய பேப்பரைச் சுற்றிவிடுவது மேல். பயத்தங்காய் மட்டும் வலைக்குள்ளேயே தானே மகரந்தம் சேர்ந்து காய்க்கும், புண்ணியவதி.

இத்தனைக்கும் மேல் குரங்கு. வலையைக் கிழித்து, ஒரு கடி கடித்து, மீதியை வாசலில் வீசிவிட்டுப் போகிறது. "ஆஞ்சநேயர் சாப்பிட்டதா நினைச்சுக்குங்க தம்பி" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் வீட்டில் ஒரு மிளகாய்ச் செடிகூடக் கிடையாது, சொல்ல மாட்டாரா பின்னே!